எதுல போனாங்க

என் மனைவி வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குத் 'தெர்மாமீட்டர்' என்று பெயர். காலையில் வேலைக்கு ஓடுகிற அம்மாக்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது வாசலிலேயே நிறுத்தி, ஒவ்வொரு நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். அவள் சுடுகிறது என்றால் சுடும். அப்புறம் கருவியை வைத்துப் பார்ப்பதெல்லாம் மேனேஜர் அம்மாவின் திருப்திக்காக. இதைப் பெரிய திறமை என்று நான் சொல்ல வரவில்லை. வருடக்கணக்காக நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் யாருக்கும் வரும். அதற்குப் பிறகு அவள் செய்வதுதான் விசித்திரம். சுடுகிற பிள்ளையை அம்மாவின் இடுப்பிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொள்வாள். "மூஞ்சிகிட்ட வச்சுக் கொஞ்சாதீங்கம்மா, தள்ளிப் பிடிங்க, ஒட்டிக்கும்" என்பாள். "எம்பிள்ளை காய்ச்சல் எனக்கு ஒட்டினா உங்களுக்கு என்ன போச்சு?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.  இவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

வீட்டில் கதையே வேறு. எங்கள் மகன் சின்னவனாக இருந்தபோது அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பாள், மருந்து கலக்குவாள், துணியை நனைத்துப் பிழிவாள். எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டு அறை வாசலில் நின்றுகொள்வாள். உள்ளே வர மாட்டாள். எனக்கு அப்போது மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. பகலெல்லாம் தெருத் தெருவாக நடந்து, நாய்களிடம் தப்பித்து வீட்டுக்கு வந்தால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நான் உட்கார வேண்டும். அவன் வாசலைப் பார்த்துக் கையை நீட்டி "அம்மா, அம்மா" என்று அழுவான். இவள் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நிற்பாள், ஆனால் ஓரடி எடுத்து வைக்க மாட்டாள். ஊரான் பிள்ளையின் நெற்றியை எல்லாம் தொடுகிறவளுக்குத் தன் பிள்ளை மட்டும் ஆகாதா என்று வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறேன். "நான் இருந்தாத்தானே அவனுக்கு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊரில் இருக்கிறான். போனில் என்னிடம் பேசுவதில் பாதிகூட அவளிடம் பேச மாட்டான். மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசுவான், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் படபடப்பு வந்தது. படியேறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றாள். டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயசுக்காரர். அச்சடித்த தாளைப் பார்த்து வரிசையாகக் கேள்வி கேட்டார். சர்க்கரை உண்டா, தூக்கம் வருதா, அப்பா இருக்கிறாரா. அப்பா மாரடைப்பில் போனார் என்றாள்.

"அம்மா எதுல போனாங்க?"

"காய்ச்சல்ல" என்றாள். அவர் எழுதத் தொடங்குவதற்குள், "என் காய்ச்சல்தான் டாக்டர். எனக்கு அப்ப நாலு வயசு. எங்கிட்டேருந்து ஒட்டிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

டாக்டர் 'காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மா இல்லாமல் வளர்ந்த பெண் என்று தெரியும். இது தெரியாது. அவள் ஏன் அறை வாசலில் நின்றாள் என்பது ஒரு டாக்டரின் தாளில் இருந்த கேள்வியால் எனக்கு விளங்கியது. பிள்ளையிடமிருந்து தனக்கு ஒட்டிக்கொண்டு தானும் போய்விட்டால் அவனும் தன்னைப் போல அம்மாவைக் கொன்ற பிள்ளை என்று ஆகிவிடுவான் என்ற பயம்; காப்பகத்துப் பிள்ளைகளிடம் அந்தப் பயம் இல்லை. இதைச் சொல்லித் தொலைத்திருந்தால் நான் அப்படித் திட்டியிருப்பேனா? அவள் மேலேயே கோபம் வந்தது.

வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது, "யாரு சொன்னா உன்கிட்ட?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

அவளுக்கு நினைவில் இருப்பது இவ்வளவுதான். கடுமையான காய்ச்சல். அம்மாவின் மடி. குனிந்து கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டிருந்த அம்மா. அப்புறம் கண் விழித்தபோது இருந்தது அத்தையின் மடி. அம்மா எங்கே என்று கேட்டதற்கு அத்தை, "அம்மா போயிட்டா. இனிமே கேக்கக் கூடாது" என்றார். அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நாலு வயதில் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். தலை நரைத்த பிறகும் அந்த விடையைச் சரிபார்க்கவில்லை.

"பைத்தியம் மாதிரி பேசாத. வேற எதுல வேணா போயிருக்கலாம்" என்றேன்.

"அதான் நானும் நெனைச்சேன். பதிவு ஆபீஸ்ல எதுல போனாங்கன்னு எழுதி வச்சிருப்பாங்கதானே? ஒரு தடவை பாத்துடணும்ங்க. வேற ஏதாச்சும் எழுதியிருந்தா..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வயிற்றுவலி, விஷக்கடி, பிரசவம், எதுவாக இருந்தாலும் சரி, காய்ச்சலாக மட்டும் இருக்கக் கூடாது. கண்ணால் பார்த்திராத மாமியார் வேறு நோயில் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மருமகன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அத்தையைக் கேட்டால் போதுமே என்று தோன்றலாம். அத்தை என்றால் அவள் அப்பாவின் அக்கா, அவளை வளர்த்தவர். எனக்கு மாமியார் இல்லாத குறையை அவர் ஒரு நாளும் வைத்ததில்லை. கல்யாணமான புதிதில் சுவரில் அம்மா படம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டுவிட்டேன். "போனவ பேச்சு இந்த வீட்டுல எதுக்கு?" என்றார். துக்கம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம்தான். கேட்க மாட்டார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம் மாடியில் இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் ஜெராக்ஸ் கடை. அதற்கு மேலே மீட்டர் பெட்டி, மூடியில்லாமல், கம்பிகள் குடல் மாதிரி வெளியே தொங்கிக்கொண்டு. ஓய்வு பெற்ற பிறகும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. சாதாரண வீட்டுக்காரன் இப்படி வைத்திருந்தால் நான் எழுதி மேலே அனுப்பியிருப்பேன். மேலே நீளமான அறை. மனுப் போடுகிற ஜன்னலில் நூல் கட்டிய பேனா. நூல் பலமாக இருந்தது, பேனாதான் எழுதவில்லை. மின்விசிறி பெரிய அதிகாரியின் காலி நாற்காலிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.

ஜன்னலில் இருந்த குமாஸ்தாவுக்கு ஜலதோஷம். பழைய பேரேடுகளின் தூசியில் உட்கார்ந்து வாழ்க்கை முழுக்கத் தும்முகிற மனிதர். மனுவை வாங்கிப் பார்த்தார்.

"காரணம்னு இருக்கே, அதுல என்ன எழுதியிருக்கீங்க? குடும்ப வரலாறா?"

"ஆமா."

"நீங்க ராஜ பரம்பரையா?" என்று கேட்டுவிட்டுத் தும்மினார். "சொத்து, வாரிசு, வெளிநாட்டுப் பயணம். இந்த மூணுல ஒண்ணு எழுதுங்க. வரலாறுன்னு எழுதினா மேல இருக்கறவர் திருப்பி அனுப்பிடுவார்."

"அம்மா எதுல போனாங்கன்னு தெரிஞ்சுக்கணும். அதுக்கு என்ன எழுதறது?" என்று இவள் கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சொத்துன்னே எழுதுங்க" என்றார். அடித்துவிட்டு 'சொத்து' என்று எழுதினேன். எரிச்சலாக இருந்தது. அம்மாவின் சாவைத் தெரிந்துகொள்ள ஒரு மகளுக்கு அரை சென்ட் நிலமாவது வேண்டியிருக்கிறது.

பியூன் பேரேட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். அவளுக்கு நாலு வயது நடந்த வருடம். குமாஸ்தா விரலை வரிசை மேல் வைத்து வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். இவள் மேஜை மேல் கவிழ்ந்து நின்றாள். அவர் தும்மியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. அந்த வருடம் ஊரில் காய்ச்சல் வந்திருக்கும் போலிருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல் என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் தோள் ஒரு தடவை இறங்கி ஏறியது. பக்கத்தில் நின்ற எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அம்மாவின் பெயரேதான். காரணம் காய்ச்சல்.

இவள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது.

"வயசு அறுபத்தெட்டு" என்றார் குமாஸ்தா. "உங்கம்மாவுக்கு அப்ப என்ன வயசு?"

"இருபத்தஞ்சு இருக்கும்" என்றாள். 

"அப்ப இது வேற யாரோ பாட்டி." விரல் மறுபடி நகர்ந்தது. முந்தைய வருடம் பார்த்தார், பிந்தைய வருடம் பார்த்தார். கடைசியில் பேரேட்டை மூடிவிட்டுக் கைக்குட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா."

"எழுதாம விட்டிருப்பாங்க" என்றேன் நான். "அந்தக் காலத்துல யாரு ஒழுங்கா எழுதினா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறப்பை எழுதாம விடுவாங்க சார். சாவை விட மாட்டாங்க. இங்கேருந்து சீட்டு வாங்கிட்டுப் போகலன்னா அப்பவே மயானத்துல இறக்க விட மாட்டான். இந்த ஊர்ல செத்தவங்க எல்லாரும் இதுல இருக்காங்க." அப்புறம் குரலைத் தணித்து அவளிடம் கேட்டார். "அம்மா போனப்ப யாரும்மா கூட இருந்தது?"

"அத்தை."

"இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்களையே போய்க் கேளுங்களேன். இங்க வந்து மனு போட்டுக்கிட்டு."

அத்தை தன் மகன் வீட்டில் இருந்தார். காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். டிவியில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும், "என்னடி பாப்பா, சொல்லாம கொள்ளாம? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வழக்கமாகச் சமையலறைக்குள் போய் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறவள்.

"அத்தை, எங்கம்மா எதுல போனாங்க?"

அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுல போவா? பஸ்ஸுலதான்."

 காதில் விழுந்தது விளங்காத மாதிரி இவள் அத்தையையே பார்த்தாள். அப்போதுதான் அத்தைக்குத் தான் சொன்னது உறைத்திருக்க வேண்டும். ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியை அணைத்தார்.

"பஸ்ஸுலயா?" என்றாள் இவள்.

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்குடி இதெல்லாம்?"

"பதிவு ஆபீஸ் போயிட்டு வர்றோம் அத்தை. அம்மா பேரு அதுல இல்ல."

"எப்படி இருக்கும்? அதுல செத்தவங்க பேருதானே இருக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "செத்துட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. "மாப்பிள்ளை, வார்த்தையை அளந்து பேசுங்க. நான் எப்ப செத்துட்டான்னு சொன்னேன்? போயிட்டான்னுதானே சொன்னேன். போயிட்டாதானே? இதுல என்ன பொய் இருக்கு?"

போயிட்டா. கடைக்குப் போனவளுக்கும் அதுதான், சுடுகாட்டுக்குப் போனவளுக்கும் அதுதான். நாலு வயதுப் பிள்ளை எந்தப் போயிட்டாவை எடுத்துக்கொள்ளும்? அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், அத்தை கேட்காதே என்கிறார், பிள்ளைக்கு இன்னும் உடம்பு சுடுகிறது. சுடுகாட்டுப் போயிட்டாவைத்தான் அது எடுத்துக்கொண்டிருக்கும்.

"அவ அப்படி நெனைச்சுக்கிட்டிருந்தது உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். "தன் காய்ச்சல் ஒட்டித்தான் அம்மா போயிட்டாங்கன்னு நெனைச்சுக்கிட்டு, பெத்த பிள்ளையைக்கூடத் தொடாம இருந்தா. அது தெரியுமா உங்களுக்கு?"

"காய்ச்சல் விஷயம் சத்தியமாத் தெரியாது." முதல் தடவையாக அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "செத்துட்டான்னு நெனைக்கிறாங்கறது தெரியும். நல்லதுதானேன்னு விட்டுட்டேன். செத்த அம்மாவைத் தேடிக்கிட்டுப் பிள்ளை தெருவுக்கு ஓடாது. ஓடிப்போனவ பொண்ணுன்னு நாளைக்கு ஒருத்தனும் சொல்ல மாட்டான். நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை. தெரிஞ்சிருந்தா உங்க வீட்டுல பொண்ணு எடுத்திருப்பாங்களா?"

 எடுத்திருக்க மாட்டார்கள். என் அப்பா வாசலோடு திரும்பியிருப்பார். அந்தக் கிழவியிடம் எனக்கு இருந்த ஆத்திரத்தைவிட அவர் சொன்னது சரி என்பதில் இருந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"யாரு கூடப் போனாங்க?" என்று இவள் கேட்டாள்.

"யாரு கூடவும் இல்லடி. தனியாத்தான் போனா. அப்படி எவன் கூடவாச்சும் போயிருந்தா எங்களுக்கும் புரிஞ்சிருக்கும், திட்டித் தீத்திருப்போம். உங்கப்பன் அடிக்கிறவன் இல்ல, குடிக்கிறவன் இல்ல. பேசத்தான் மாட்டான். உனக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. உன்னை என் மடியில போட்டுட்டு, மருந்து வாங்கியாறேன்னு கெளம்பினா. அவ பஸ்ஸுல ஏறினதைத் தெருக்கோடிக் கடைக்காரர் பாத்திருக்கார்."

"அப்பா தேடலையா?"

"தேடாம என்ன? தேடிக் கண்டும்பிடிச்சான். வேற ஊர்ல ஒரு ஹாஸ்டல் சமையக்கட்டுல வேலைக்குச் சேந்திருந்தா. வாசல்ல நின்னு கூப்பிட்டிருக்கான். வரலன்னுட்டா."

இவள் அடுத்த கேள்வியைக் கேட்கக் கூடாது என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். கேட்டாள்.

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? கூசாமல் பேசுகிற அந்த வாய் ஒரு தடவை திறந்து மூடியது. ஒரு பொய்யை அங்கே வைத்துச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். ஆனால் இத்தனை வருடமும் தான் பொய்யே சொல்லவில்லை என்பதுதான் அவருடைய பெருமை.

"கேட்டாளாம். காய்ச்சல் விட்டுடுச்சான்னு கேட்டாளாம். விட்டுடுச்சுன்னு உங்கப்பன் சொன்னானாம். சரின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாளாம். உங்கப்பன் திரும்பி வந்து அவ்வளவுதான் சொன்னான். அதுக்கப்புறம் அவ இருக்காளா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது. இருந்தா எண்பது வயசு கிட்ட இருக்கும்."

 இவள் எழுந்து, பழக்க தோஷத்தில் அத்தையின் தண்ணீர்ச் செம்பை எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "வர்றேன் அத்தை" என்றாள். அத்தை அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். இவள் உதறவில்லை, கொடுக்கவும் இல்லை.

தெருவில் இறங்கி நடந்தோம். எனக்குள் என்னென்னவோ ஓடியது. அந்த ஊர் எது என்று கேட்டுக்கொண்டு போகலாம். அங்கேயும் ஒரு பதிவு அலுவலகம் இருக்கும், அங்கேயும் ஒருவர் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேர் அதில் இல்லை என்றால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இதையெல்லாம் அவளிடம் சொல்லவும் சொன்னேன். "வேணாம்" என்றாள். "காய்ச்சல் விட்டதுதான் அவங்களுக்குத் தெரியுமே. வேற என்னத்தைப் போய்ச் சொல்றது."

தேற்றத் தெரியாதவன் பேசாமல் இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. "ஒண்ணு மட்டும் நெனைச்சுப் பாரு" என்றேன். "உன்னால எதுவும் ஆகல. நீ பாட்டுக்கு உன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டே. இனிமேலாச்சும் நிம்மதியா இரு."

அவள் நின்றாள். அழவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னாள்.

"நான்தான் கொன்னேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்த வரைக்கும், காய்ச்சல் ஒட்டினாலும் பரவாயில்லன்னு என்னை மடியை விட்டு இறக்காம வச்சிருந்து செத்துப்போன அம்மா ஒருத்தி எனக்கு இருந்தாங்க. அவங்களைத்தான் நீங்க இப்ப இல்லன்னு சொல்றீங்க."